துப்பாக்கி லைசென்ஸ் இருக்கா?

கொஞ்சம் சூடான பதிவு. திட்டறவங்க பின்னூட்டத்துல வந்து தாராளமா திட்டலாம்.

ராணுவத்துல சிக்னல்ஸ் பிரிவுல 17 வருசம் இருந்துட்டு உடுமலைக்கு வந்தேன். வந்த முதல் மாசமே ஒரு நூல் மில்லுல இன்டர்வியூ. ரேடியோ, சங்கேதச் செய்தி, நெட்வொர்க்னு செஞ்சதையெல்லாம் ரெண்டு பக்கம் டைப் பண்ணி எடுத்துட்டுப் போனேன். மேனேஜர் அதைப் புரட்டக்கூட இல்லை. கேட்டது ஒரே கேள்வி.

"ஏனுங்க, துப்பாக்கி லைசென்ஸ் இருக்குதுங்களா?"

இல்லைன்னேன். "அப்ப கேட்டுக்குத்தானுங்க."

எட்டு மாசம் கேட்ல நின்னேன். பஞ்சு லாரி வந்தா வண்டி நம்பர், டிரைவர் லைசென்ஸ், பில், எடைமேடைச் சீட்டு எல்லாம் பார்த்துத்தான் உள்ளே விடணும். ஒரு கோன் நூல் வெளியே போகணும்னா கேட் பாஸ்ல ரெண்டு கையெழுத்து. ரொம்ப சரி. ஆனா ஆபீஸுக்குள்ள போய்ப் பாருங்க. டேலி கம்ப்யூட்டரோட பாஸ்வேர்டு மானிட்டர் ஓரத்துல ஒட்டியிருக்கும். சாஃப்ட்வேர்காரருக்கு வசதியா எனிடெஸ்க் ராத்திரி பகலா திறந்தே கிடக்கும். வேலையை விட்டுப் போய் ரெண்டு வருசமான அக்கவுண்டன்டோட ஈமெயில் இன்னும் உயிரோட இருக்கும். முன்வாசலுக்கு 3 ஷிப்டும் ஆள் போட்டுட்டு, புழக்கடைக்குக் கதவே வைக்காத வீடு!

இது சும்மா கம்ப்யூட்டர்காரன் புலம்பல் இல்லீங்க. எக்ஸ்போர்ட் பண்றவங்க கிட்ட நடக்கிற திருட்டு எப்படின்னா, திருடன் முதல்ல மெயில் பெட்டிக்குள்ள வந்து சத்தமில்லாம உட்கார்ந்துக்குவான். வர்ற மெயில் எல்லாம் தனக்கும் ஒரு காப்பி வர்ற மாதிரி செட்டிங் போட்டுக்குவான். இன்வாய்ஸ் போற நாள் வரைக்கும் காத்திருந்து, வெளிநாட்டு பையருக்கு "எங்க பேங்க் அக்கவுண்ட் மாறிடுச்சு" னு ஒரு மெயில். முகவரியில ஆங்கில 'எம்' இருக்கிற இடத்துல 'ஆர்', 'என்' ரெண்டையும் ஒட்டிப் போட்டிருப்பான். அவசரத்துல யார் கண்ணுக்குத் தெரியும்? சரக்கு போயிரும், பணம் வேற கணக்குக்குப் போயிரும்.

இதுக்கு மருந்து லட்ச ரூபாய் சாஃப்ட்வேர் இல்லை. செய்தி வந்த அதே வழியில அந்தச் செய்தியைச் சரிபார்க்காதே. இது சிக்னல்ஸ்காரனுக்கு ரத்தத்துல ஊறின விஷயம். அந்த மெயிலுக்கே பதில் போட்டு "உண்மையா?" னு கேட்டா திருடனே "ஆமா" னு சொல்லுவான். ஏற்கெனவே கையில இருக்கிற நம்பருக்குப் போன் போட்டுக் கேட்கணும். அவ்வளவுதான்.

இன்னொன்னு சொல்றேன். 2018 பிப்ரவரியில கும்பகோணம் சிட்டி யூனியன் வங்கியில ஸ்விஃப்ட் வழியா கள்ளத்தனமா 3 பணப்பரிமாற்றம், கிட்டத்தட்ட 20 லட்சம் டாலர். திருடனுங்க முதல்ல செஞ்ச வேலை என்ன தெரியுமா? ஸ்விஃப்டோட இணைச்சிருந்த பிரிண்டரை முடக்கினது. ஒப்புகைச் செய்தி அச்சாகி வரலை. மறுநாள் கணக்கு ஒப்பிடும்போதுதான் விஷயமே தெரிஞ்சுது. ஒரு பரிமாற்றம் நியூயார்க்கிலேயே தடுக்கப்பட்டது, நல்லவேளை. வங்கியைக் குத்தம் சொல்ல இதை எழுதலை. ஆனா வயர்லெஸ் செட் முன்னாடி ராத்திரி ட்யூட்டி பார்த்தவனைக் கேளுங்க. எதிர்முனையில இருந்து ஒப்புகை வரலைன்னா தூக்கம் கலைஞ்சிரும். சத்தம் மட்டும் அபாயமில்லை, சத்தம் வராததும் அபாயம்தான். இந்தப் புத்தியைத்தான் கேட்ல விசில் கொடுத்து நிறுத்தி வெச்சிருக்கோம்.

முதலாளிகளை மட்டும் சொல்லிப் பிரயோஜனமில்லை. டெல்லியில இருக்கிற மறுவாழ்வு இயக்ககமும் எக்ஸ் சர்வீஸ்மேனுக்குக் காட்டற பெரிய வழிகள்ல ஒன்னு செக்யூரிட்டி ஏஜென்சிதான். 15 வருச சர்வீஸ் இருந்தா டிகிரிக்குச் சமம்னு ஒரு சான்றிதழ் தர்றாங்க. குரூப் சி அரசு வேலைக்கு விண்ணப்பிக்க அது உதவும். தனியார் கம்பெனி ஹெச்.ஆர். அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துட்டு "இது எந்த யுனிவர்சிட்டிங்க?" ன்னு கேட்கிறாங்க.

நம்ம ஆளுங்களையும் விடறதா இல்லை. இன்டர்வியூல உட்கார்ந்ததும் "நாங்க ஒழுக்கமானவங்க, டிசிப்ளின்" னு ஆரம்பிக்கறது. ஒழுக்கத்தை வித்தா வாட்ச்மேன் வேலைதான் கிடைக்கும் அண்ணாச்சி! செஞ்ச வேலையைச் சொல்லுங்க. ரேங்க்கை கேட்டுலேயே கழட்டி வெச்சுட்டு வாங்க. நான் கார்டு ரூம்ல பழைய லேப்டாப்பை வெச்சு லினக்ஸும் வயர்ஷார்க்கும் படிச்சு, பெங்களூர்ல ராத்திரி முழுக்க அலாரம் பார்க்கிற வேலைக்குப் போனப்ப, எனக்கு டீம் லீடர் என்னைவிட 13 வயசு சின்னப் பொண்ணு. முதல் வாரம் வலிச்சுது, பொய் சொல்ல மாட்டேன். ரெண்டாவது வாரம் "இந்த லாக்ல என்ன தப்புன்னு பாருங்கண்ணா" னு அந்தப் பொண்ணு சொல்லிக் கொடுத்ததுதான் இன்னிக்கு எனக்குச் சோறு போடுது.

இஸ்ரேல்ல 8200 னு ஒரு ராணுவப் பிரிவு. அங்கே இருந்து வந்த கில் ஷ்வெட் 1993-ல சகாக்களோட சேர்ந்து செக் பாயின்ட் கம்பெனியைத் தொடங்கினார். உடனே "பார் இஸ்ரேலை" னு வாட்ஸப்புல ஆரம்பிச்சிராதீங்க. அங்கே 18 வயசுப் பிள்ளைகளை இதுக்குன்னே பொறுக்கி எடுக்கறாங்க. நாம 36, 37 வயசுல பொண்டாட்டி புள்ளையோட வெளியே வர்றோம். ஆனா ஒரு வித்தியாசம் உறைக்குது. அங்கே எந்தப் பிரிவுன்னு கேட்கறாங்க, இங்கே துப்பாக்கி இருக்கான்னு கேட்கறாங்க.

இதெல்லாம் இப்ப எதுக்குன்னா, 2022-ல அறிவிச்ச அக்னிபத் திட்டம். நாலு வருசம் முடிஞ்சதும் 25 சதவீதம் வரைக்கும்தான் உள்ளே, மீதிப்பேர் வீட்டுக்கு. முதல் பேட்சுகளுக்கு 2026 கடைசி, 2027 தொடக்கத்துல நாலு வருசம் நிறையுது. கையில சேவா நிதி 11 லட்சத்துச் சொச்சம். அந்தப் பணத்து மேல ஒரு கூட்டம் கண்ணு வெச்சாச்சு. எங்க பக்கத்து ஊர்ப் பையன் போன் பண்ணினான். "ஏனுங்ணா, 3 லட்சம் கட்டினா எத்திக்கல் ஹேக்கர் சர்டிபிகேட், வேலை கேரண்டிங்கறாங்க, கட்டட்டுங்களா?"

கட்டாதேன்னேன். பழைய லேப்டாப் ஒன்னு வாங்கிக்கோ, லீவுல வந்தா ஞாயித்துக்கிழமை என் வீட்டுக்கு வா, காசு வேண்டாம்னு சொல்லியிருக்கேன். இன்னும் ரெண்டு பசங்களைக் கூட்டிட்டு வர்றானாம். தளி ரோட்டுல டீக்கடை வெச்சிருக்கிற மச்சான் பெஞ்ச் ரெண்டு தர்றேன்னிருக்கார்.

டிஸ்கி: 2022 ஏப்ரல் 28 செர்ட்-இன் உத்தரவுப்படி, கணினித் தாக்குதல் தெரிஞ்ச 6 மணி நேரத்துக்குள்ள புகார் சொல்லணும், லாக் 180 நாள் வெச்சிருக்கணும். கம்பெனிகளுக்கும் இது உண்டு. ஒரு மில்லுல இதைச் சொன்னேன். "லாக் எல்லாம் பத்திரமா இருக்குதுங்க" ன்னு கேட் பூட்டுச் சாவியை எடுத்துக் காட்டினாங்க.