படைப்பணியினின்றும் அவப்பெயரோடு நீக்கப்பட்டோரின் பதிவுகளை மறுபரிசீலனை செய்யக் கோரும் மனு

மாண்புமிகு இந்தியப் பாதுகாப்பு அமைச்சர் அவர்களின் சமூகத்திற்கு, கடலூர் மாவட்ட ஆட்சித் தலைவர் அவர்களின் வழியாக, விருத்தாசலம் வட்டம் மங்கலம்பேட்டையிலும் அதன் சுற்றுக் கிராமங்களிலும் வாழும் முன்னாள் படைவீரர் சங்கத்தார் வணக்கத்துடன் சமர்ப்பிக்கும் கோரிக்கை மனு.

ஐயா,

பனியிலும் மணலிலும் காவல் நின்று, சேவைக் காலம் நிறைவுற்று, ஓய்வூதியமும் ஊராரின் மரியாதையும் பெற்று வீடு திரும்பிய நாங்கள், எங்களோடு ஒரே முகாமில் உண்டு உறங்கியும், ஓய்வூதியத்துக்குரிய பதினைந்தாண்டுச் சேவை முடியுமுன்னரே ‘இனிச் சேவை தேவையில்லை’ என்னும் காரணம் எழுதி வெளியேற்றப்பட்ட தோழர்களின் பொருட்டு இம்மனுவை எழுதுகிறோம். எங்களுக்கென்று இதில் நாங்கள் வேண்டுவது யாதொன்றுமில்லை.

எங்கள் சங்கத்தை நாடி வந்த ஒருவரின் நிலையை முதலில் தெரிவிக்க அனுமதி வேண்டுகிறோம். வடகிழக்கு எல்லையில் பணிபுரிந்த அவர், மனைவியின் பிரசவம் சிக்கலானபோது விடுப்பில் வந்து, தாயையும் சேயையும் ஆஸ்பத்திரியில் விட்டுச் செல்ல மனமின்றி விடுப்புக்கு மேல் தங்கிவிட்டார். பின்னர் யாரும் பிடித்துச் செல்லாமல் தாமாகவே முகாமுக்குத் திரும்பித் தண்டனையை ஏற்றார். அதே குற்றம் வேறு குடும்பக் காரணங்களால் மீண்டும் நேர்ந்து, தண்டனையைக் குறிக்கும் சிவப்பு மைப் பதிவு நான்காவது முறையாக விழுந்ததும், பதிமூன்றாம் ஆண்டுச் சேவையில் அவர் வீட்டுக்கு அனுப்பப்பட்டார். இன்று விருத்தாசலத்துப் பீங்கான் பட்டறையொன்றில் ஃபியூஸ் கட்டைகளைச் சூளையில் அடுக்கி இறக்குவது அவர் ஜீவனம். செக்யூரிட்டி வேலைக்குச் சென்ற இடத்தில் டிஸ்சார்ஜ் புக்கைக் கேட்டார்கள். உயரம், அங்க அடையாளம், பெற்ற பதக்கங்கள் யாவும் ஒழுங்காக எழுதப்பட்ட அப்புத்தகத்தில், நீக்கத்தின் காரணம் எழுதிய வரியில் விரலை வைத்து, வேறு ஒன்றும் கேளாமல் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். அதன்பின் அவர் தாம் பட்டாளத்தில் இருந்ததையே எவரிடமும் சொல்வதில்லை. பதிமூன்றாண்டு தேச சேவையை ஒரு மனிதன் மறைத்து வாழ வேண்டிய நிலையைக் காட்டிலும் எங்களை வருத்துவது பிறிதில்லை.

படைக்குக் கட்டுப்பாடு உயிர்நாடி என்பதை நாங்கள் பிறர் சொல்லி அறிய வேண்டியவர்களல்லர். துரோகமோ, களவோ, சக வீரனுக்குத் தீங்கோ இழைத்தவர்களுக்காக நாங்கள் பரிந்து பேசவுமில்லை. ஆனால் 1954-ஆம் ஆண்டு ராணுவ விதிகளின் 13-ஆம் விதியின்கீழ், ராணுவ நீதிமன்ற விசாரணை ஏதுமின்றி, சிவப்பு மைப் பதிவுகளின் எண்ணிக்கையை மட்டும் கணக்கிட்டு அனுப்பப்பட்டவர்களின் விஷயம் வேறு. நான்கு பதிவுகள் சேர்ந்தால் நீக்கியே தீரவேண்டும் என்பது சட்டமன்று என்றும், முன்விசாரணை நடத்தி, ஒவ்வொரு குற்றத்தின் தன்மையையும், வீரனின் நீண்ட சேவையையும், அவன் கடினமான இடங்களில் பட்ட சிரமங்களையும் சீர்தூக்கிப் பார்க்கவேண்டும் என்றும், ஓய்வூதியத் தகுதியை நெருங்கியவனிடம் கடுமை காட்டலாகாது என்றும் ராணுவத் தலைமையகமே 1988 டிசம்பர் 28-ஆம் நாளிட்ட சுற்றறிக்கையில் அறிவுறுத்தியிருக்கிறது. அந்த அறிவுரையைப் புறக்கணித்த நீக்கம் செல்லாதென்று, வீரேந்திர குமார் துபே என்பாரின் வழக்கில் உச்ச நீதிமன்றம் 2015 அக்டோபரில் தீர்ப்பளித்து, பின்சம்பளம் இல்லையாயினும், ஓய்வூதியத்துக்குரிய காலம் முடியும்வரை அவர் பணியில் இருந்ததாகவே கருதப்பட வேண்டுமென ஆணையிட்டது. வழக்காடியவருக்குக் கிடைத்த அந்த நியாயம், வழக்காடும் வழியறியாமல் சூளையிலும் முந்திரிக்காட்டிலும் கூலிக்குப் போனவருக்குக் கிடைக்காதிருப்பது தர்மமாகாது.

2007-ஆம் ஆண்டுச் சட்டத்தால் அமைந்த ஆயுதப்படைத் தீர்ப்பாயத்தின் அமர்வு சென்னையில் இருக்கிறதே என்று கேட்கலாம். இறுதி ஆணை பிறப்பிக்கப்பட்ட ஆறு மாதத்திற்குள் அங்கே செல்லவேண்டும். தாமதத்தை மன்னிக்க அதற்கு அதிகாரம் உண்டெனினும், மன்னிப்பைக் கேட்பதற்கே வக்கீல் வேண்டும். அன்றியும் ஓய்வூதியம் பெறாதவரின் சேவை ஆவணங்கள் இருபத்தைந்து ஆண்டுகளுக்குப் பின் அழிக்கப்படுவது விதி. ஒருவரை நீக்கியதற்கு ஆதாரமான கோப்பு அழிந்துவிடுகிறது. அவர் கையிலுள்ள புத்தகத்தின் களங்கமோ அவர் ஆயுளளவும் நிற்கிறது. முன்விசாரணை நடந்ததா என்பதைக்கூட அதன்பின் யாராலும் மெய்ப்பிக்க இயலாது.

அமெரிக்க நாடு தன் வீரர்களுக்கு 1944-ஆம் ஆண்டிலேயே சட்டமியற்றி, விடுவிப்பின் தரத்தை மறுபரிசீலனை செய்யும் வாரியங்களை ஏற்படுத்தியது. விடுவிக்கப்பட்ட பதினைந்தாண்டுகளுக்குள் வீரர்கள் அங்கே விண்ணப்பித்துத் தம் பதிவைத் திருத்தக் கோரலாம். நம் நாட்டிலும் அத்தகைய கருணைக்கு முன்மாதிரி இல்லாமலில்லை: படைச் சட்டத்தின் பார்வையில் குற்றவாளிகளாக நின்ற இந்திய தேசிய ராணுவத்தாருக்குச் சுதந்திர இந்தியா தியாகிகள் ஓய்வூதியம் அளித்தது. எங்கள் தோழர்களை அவர்களோடு ஒப்பிட நாங்கள் துணியவில்லை. ஒருகாலத்துப் பதிவே இறுதித் தீர்ப்பன்று என்பதை மட்டுமே சுட்டுகிறோம்.

ஆகவே, 13-ஆம் விதியின்கீழ் நீக்கப்பட்டோரின் பதிவுகளை, காலவரையறையின் தடையின்றி, வக்கீல் இல்லாமலே எளிய விண்ணப்பத்தின்பேரில் ஆராயும் நிரந்தர மறுபரிசீலனை வாரியம் ஒன்றைப் பாதுகாப்பு அமைச்சகம் நிறுவவேண்டுமென்றும், 1988-ஆம் ஆண்டுச் சுற்றறிக்கைப்படி முன்விசாரணை நடந்ததற்குச் சான்றில்லாத இடங்களில் ஐயத்தின் பலனை வீரருக்கே அளித்து, நீக்கக் காரணத்தை மாற்றிப் புதிய டிஸ்சார்ஜ் புக் வழங்கவேண்டுமென்றும் வேண்டுகிறோம். போர்முனையின் அதிர்ச்சியால் மனநலம் குன்றி, அது நோயென்று அறியப்படாமலே ஒழுங்கீனம் எனத் தண்டிக்கப்பட்டவர்களை மருத்துவக் குழுவின் முன் நிறுத்திப் பார்த்தபின்னரே அவர்களைப் பற்றி முடிவெடுக்க வேண்டும். இவர்களுள் சிலர் இன்று தம் பெயரைத் தாமே எழுத இயலாத நிலையில் இருப்பதால், அவர்தம் மனைவி மக்களும் விண்ணப்பிக்க இடமளிப்பது அவசியம்.

மாவட்ட ஆட்சித் தலைவர் அவர்களிடம் நாங்கள் கேட்பது எளிது. முன்னாள் படைவீரர் நல அலுவலகம், முன்னாள் படைவீரர் என்னும் இலக்கணத்துக்குள் வாராதவர் என்று இவர்களைத் திருப்பியனுப்பாமல், அந்தந்த ரெஜிமெண்டின் ரிக்கார்டு அலுவலகத்துக்குக் கடிதமெழுதி ஆவண நகல்களைப் பெற்றுத் தரவும், மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவின் இலவச உதவியை இவர்களுக்குக் கிடைக்கச் செய்யவும் ஆணையிட வேண்டும்.

வாரியம் அமையக் காலமாகலாம் என்பதை உணர்கிறோம். அதுவரையில், இவ்வகை நீக்கங்களைப் பற்றிய கோப்புகளில் இன்னும் எஞ்சியுள்ளவற்றை அழிக்கலாகாதென்று எல்லா ரிக்கார்டு அலுவலகங்களுக்கும் உடனடியாக உத்தரவிட்டருளுமாறு பணிவுடன் வேண்டுகிறோம்.

இங்ஙனம்,
தங்கள் உண்மையுள்ள,
முன்னாள் படைவீரர் சங்கத்தார்,
மங்கலம்பேட்டை.