கோட்டுக்கு இந்தப் பக்கம்

நான் டில்லிக்கு வந்த புதிதில் நம் தமிழ்க் குடும்பங்களில் குழந்தைகளுக்கு மாலை நேரம் என்றால் பாட்டு, பரதம், ஹிந்தி ட்யூஷன், இந்த மூன்றுதான். இன்று அந்தப் பட்டியலில் துப்பாக்கியும் சேர்ந்துவிட்டது. திடுக்கிட வேண்டாம்! நான் சொல்வது துப்பாக்கி சுடும் விளையாட்டை.

கடலூரில் பிறந்து அகமதாபாதில் வளர்ந்த இளவேனில் வாலறிவன் 2019-ல் உலகக் கோப்பைப் போட்டிகளில் தங்கம் வென்றபோது, ஊர்விட்டு ஊர் வந்து பிழைக்கும் நாமெல்லாம் நம் வீட்டுப் பெண் வென்றதாகவே மகிழ்ந்தோம். 2024-ல் பாரிஸ் ஒலிம்பிக்கில் மனு பாக்கர் இரண்டு வெண்கலம் வாங்கியதும் என் பேத்தியும் பிடிவாதம் பிடித்து, எங்கள் பகுதியில் உள்ள சிறிய ரேஞ்ச் ஒன்றில் சேர்ந்தாள். வயது பதின்மூன்று.

ஒரு நாள் அவளை அழைத்துப் போகும் பொறுப்பு எனக்கு வந்தது. வாசலிலேயே சொன்னாள்: "தாத்தா, உள்ளே மஞ்சள் கோடு இருக்கும். அதைத் தாண்டி வரக் கூடாது. நான் சுடும்போது கூப்பிடவும் கூடாது." எனக்குச் சுருக்கென்றது. "பெரியவங்களுக்கே சொல்லித் தரியா?" என்று கேட்டுவிட்டு உள்ளே போனேன்.

பேத்தி ஏர் பிஸ்டலை உயர்த்தி நின்ற அழகைப் பார்த்ததும் எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. ஊரில் இருக்கும் தங்கைக்குப் படம் அனுப்ப வேண்டாமா? செல்போனை எடுத்துக்கொண்டு கோட்டைத் தாண்டினேன். "கண்ணு, தாத்தாவைப் பாரு!" என்றேன். கூப்பிட்ட குரலுக்குக் குழந்தை திரும்பினாள். அவளோடு பிஸ்டலும் திரும்பியது.

"ஸ்டாப்!" என்று ஒரு குரல். பயிற்சியாளர் பாய்ந்து வந்து அவள் மணிக்கட்டைப் பிடித்து முன்பக்கம் திருப்பினார். வரிசையில் நின்ற மற்ற பிள்ளைகள் அத்தனை பேரும் அந்த நொடியே துப்பாக்கியைக் கீழே வைத்துவிட்டுக் கையை எடுத்துக்கொண்டார்கள். அவர் பிஸ்டலை வாங்கி இலக்கை நோக்கி விசையை அழுத்தினார். 'டப்' என்று அட்டையில் ஓர் ஓட்டை விழுந்தது. குண்டு உள்ளேதான் இருந்திருக்கிறது.

என்னை வெளியே போகச் சொன்னார். அவளுக்கும் அன்று பயிற்சி இல்லை. முப்பத்தைந்து வருடம் சர்க்கார் உத்தியோகம் பார்த்தவனை ஒரு சின்னப் பையன் வெளியே அனுப்புவதா என்று எனக்குக் கோபம் பொங்கியது. ஆட்டோவில் பேத்தி அழுதுகொண்டே, "நான்தான் முதல்லேயே சொன்னேனே தாத்தா" என்றாள். கோபம் போன இடம் தெரியவில்லை.

பிறகு அவளிடமே உட்கார்ந்து பாடம் கேட்டேன். எல்லாத் துப்பாக்கியும் குண்டு போட்ட துப்பாக்கிதான் என்று எண்ண வேண்டும். குழல் முனை எப்போதும் இலக்குப் பக்கம்தான் இருக்க வேண்டும். சுடத் தயாராகும் வரை விரல் விசையைத் தொடக் கூடாது. ஏர் பிஸ்டலில் காற்று சத்தமில்லாமல் சிலிண்டரில் அடைந்திருக்கும். வெளியிலிருந்து பார்த்தால் குண்டு இருக்கிறதா இல்லையா என்று தெரியாது. அதனால்தான் சுடாத நேரத்தில் குழலுக்குள் பளிச்சென்ற நிறத்தில் ஒரு கயிற்றைச் செருகி வைக்கிறார்கள். கயிறு தெரிந்தால் குழல் காலி என்று தூரத்தில் நிற்பவருக்கும் விளங்கும்.

இந்த வகை ஏர் துப்பாக்கிகளுக்கு லைசென்ஸ் தேவையில்லை என்பதால் பொம்மை என்று நினைத்துவிடுகிறோம். 4.5 மில்லிமீட்டர் குண்டு ஒரு கண்ணைப் பறிக்கப் போதும். அந்தக் குண்டு ஈயத்தால் ஆனது. எனவே கையைச் சோப்புப் போட்டுக் கழுவாமல் முறுக்கு டப்பாவைத் திறக்கக் கூடாது. (அதையும் நான் கொண்டு போயிருந்தேன்!)

மரியாதையும் உண்டு. போட்டியில் 60 குண்டுகளை 75 நிமிடத்துக்குள் சுட வேண்டும். ஒவ்வொன்றுக்கும் மூச்சை அடக்கி நிற்க வேண்டும். பின்னால் நின்று அரட்டை அடிப்பதும், செல்போனை அலற விடுவதும், "ஒன்பதுதானா?" என்று உச்சுக்கொட்டுவதும் நாகரிகமல்ல. கேட்காமல் பிறர் துப்பாக்கியைத் தொடவும் கூடாது.

இவற்றுக்கெல்லாம் மேலாக என் மனத்தில் தைத்தது ஒன்று. ஆபத்தைக் கண்டால் 'ஸ்டாப்' என்று அங்கே யார் வேண்டுமானாலும் குரல் கொடுக்கலாம். பத்து வயதுக் குழந்தை சொன்னாலும் அறுபது வயதுக்காரர் துப்பாக்கியைக் கீழே வைத்துவிட வேண்டும். ஏன் என்று பிறகு கேட்டுக்கொள்ளலாம். பெரியவர் பேச்சுக்கு மறுபேச்சு கூடாது என்று பிள்ளைகளை வளர்க்கும் நமக்கு இது கசக்கும். ஆனால் குண்டுக்கு வயது தெரியாது.

இந்தப் பக்கத்துக் கல்யாண ஊர்வலங்களில் வானத்தைப் பார்த்துச் சுடுகிறார்களே, அங்கேயும் குறை இதுதான். நிறுத்து என்று சொல்ல யாருக்கும் வாய் வருவதில்லை. 2019-ல் ஆயுதச் சட்டத்தைத் திருத்தி, பிறர் உயிருக்கு ஆபத்து உண்டாக்கும்படி இப்படிச் சுட்டால் இரண்டு வருடம் வரை சிறை, ஒரு லட்சம் வரை அபராதம் என்று வைத்திருக்கிறார்கள். சட்டம் வந்தாலும், கூட நிற்பவர்தானே முதலில் தடுக்க வேண்டும்?

பிள்ளைகளை ரேஞ்சில் சேர்க்கும் சங்கத்து நண்பர்களுக்கு என் வேண்டுகோள் இதுதான்: பணம் கட்டும் முன் நீங்களும் ஒரு நாள் அங்கே போய்ப் பாதுகாப்புப் பாடம் கேளுங்கள். வீட்டில் பிள்ளை அதைத் திருப்பிச் சொன்னால் முகம் சுளிக்காதீர்கள்.

மறுவாரம் நானும் போனேன். கோட்டுக்கு இந்தப் பக்கம் நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். செல்போன் பேத்தியின் பைக்குள் இருந்தது.