யாருடைய வயலில் நம் மாட்டுங்கா?

மும்பையின் மாட்டுங்காவைப் பற்றிப் பேசச் சொன்னால் இங்குள்ள தமிழர்களான நாம் லேசில் நிறுத்த மாட்டோம். ராமா நாயக்கின் இலைச் சாப்பாடு, ஆஸ்திக சமாஜக் கோயில், ஷண்முகானந்தா கச்சேரி, 1932-ல் தொடங்கிய தென்னிந்தியக் கல்விச் சங்கம் என்று பட்டியல் நீளும். நாம் வருவதற்கு முன் இந்த மண் யாருடையது என்று கேட்டால் மட்டும் பதில் வராது. வெறும் காட்டில் வந்து குடியேறியதைப் போலப் பேசியே பழகிவிட்டோம்.

இது காடல்ல, ஊர். 1896-ல் பம்பாயைப் பிளேக் உலுக்கியது. நெரிசலைக் குறைக்க 1898-ல் சிட்டி இம்ப்ரூவ்மெண்ட் டிரஸ்ட் அமைந்தது. தாதர், மாட்டுங்கா, சயான் பக்கத்து நிலங்களை எடுத்து மனைகளாக்கிக் குத்தகைக்கு விட்டது அதுதான். நம்மவர்களின் அடுக்குமாடி வீடுகள் எழுந்ததெல்லாம் அதற்குப் பல ஆண்டுகள் கழித்தே. நடுவில் வயலையும் மரத்தையும் இழந்தவர்கள் நம் கதையில் இல்லை. அரசுக் கோப்பில் இருக்கிறார்கள்.

பம்பாய் நகர ப்ராப்பர்ட்டி கார்டு ஒன்றை எடுத்துப் பாருங்கள். சி.எஸ். (கடாஸ்ட்ரல் சர்வே) நம்பருக்குப் பக்கத்திலேயே லாட்டன் சர்வே நம்பருக்கும் ஒரு கட்டம் உண்டு. அது 1865-ல் தொடங்கிய அளவையின் எண். இன்னொரு கட்டத்தில் நிலம் எந்த உரிமையில் இருந்தது என்ற குறிப்பு. வீடு விற்கும்போது வக்கீல் கேட்டால் மட்டும் அதைத் தேடுகிறோம். நிலமெடுப்பு ஆவணங்களைப் படித்து மாட்டுங்காவின் கதையை 2013-ல் ஆங்கிலப் புத்தகமாக எழுதியவர் நிகில் ராவ். நம் சபாக்களில் அதைப் பற்றி எத்தனை கூட்டம் போட்டோம்?

அரசுத் தாளைப் படிக்காதது ஒரு குற்றம் என்றால், சொந்தத் தாளைக் காப்பாற்றாதது அதைவிடப் பெரிய குற்றம். கட்டடம் ரீடெவலப்மெண்டுக்குப் போகும்போது பில்டர் கேட்டதைக் கொடுத்துவிட்டு, வாடகை ரசீது, சொசைட்டி மினிட்ஸ் புத்தகம், தாத்தாவின் கடிதங்கள் எல்லாவற்றையும் பழைய பேப்பர் கடையில் எடைக்குப் போட்டோம்.

தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம் தாராவியில் இருக்கும் தமிழர்களால் அப்படிப் போட முடியாது. தாராவி ரீடெவலப்மெண்டில், 2000 ஜனவரி 1-க்கு முன்பே அங்கே இருந்ததற்கு அத்தாட்சி இருந்தால்தான் அங்கேயே இலவச வீடு. குடிசைவாசிகளுக்கான அடையாளச் சீட்டான போட்டோ பாஸையும் பழைய கரண்ட் பில்லையும் பிளாஸ்டிக் பையில் சுற்றி வைத்திருக்கிறார்கள். தாளின் அருமை அவர்களுக்குத் தெரியும். நாம் அதை அவர்களிடம் கற்கவும் இல்லை, அவர்கள் தாள் சேர்க்கக் கை கொடுக்கவும் இல்லை.

காப்பாற்றிய தாளை ஒருவர் படித்தால் என்ன கிடைக்கும் என்பதற்கு ஓர் உதாரணம்: செங்கல்பட்டுச் சீமையின் பதினெட்டாம் நூற்றாண்டு ஊர்க்கணக்குகளை வரலாற்றாய்வாளர் தரம்பால் தேடிப் படித்ததால்தான் அந்த ஊர்களின் விளைச்சலும் பங்கீடும் இன்று நமக்குத் தெரிகின்றன. அந்தக் கணக்குகளின் ஓலைகள் தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்தில் இருக்கின்றன. மாட்டுங்காவுக்கும் அப்படி ஆள் வேண்டும். மராத்தியும் அதன் பழைய மோடி எழுத்தும் படிக்கத் தெரிந்த பிள்ளைகளை காலா கோடாவில் உள்ள மாநில ஆவணக் காப்பகத்துக்கு அனுப்புவோம். உங்கள் கட்டடம் இடிபடப் போகிறதென்றால், பரண் பெட்டியில் உள்ள ஒவ்வொரு தாளையும் ஸ்கேன் செய்து, ஒரு பிரதியைப் பக்கத்துக் கல்லூரி நூலகத்தில் கொடுத்துவிட்டுச் சாவியை ஒப்படையுங்கள்.