யாருக்கு அந்த ரத்தம்?

பன்னிரண்டு வயதில் ஒரு கன்வென்ஷன் கூட்டத்தில் அந்தக் கதையை முதன்முதலாகக் கேட்டேன். ஆற்றுக்கு மேல் ஒரு பாலம். கப்பல் வந்தால் தூக்குவார்கள், ரயில் வந்தால் இறக்குவார்கள். அதை இயக்குகிறவர் ஒருநாள் தன் சின்ன மகனையும் கூட்டிக்கொண்டு வேலைக்கு வருகிறார். பையன் விளையாடிக்கொண்டே போய்ப் பல்சக்கரங்களுக்கு நடுவில் விழுந்துவிடுகிறான். அந்த நேரம் பார்த்து ரயில் வருகிறது. பாலத்தை இறக்கினால் மகன் நசுங்குவான். இறக்காவிட்டால் ரயிலில் இருக்கிற அத்தனை பேரும் ஆற்றுக்குள். அப்பா கண்ணை மூடிக்கொண்டு விசையை இழுக்கிறார். "அந்தத் தகப்பன்தான் பிதா. அந்தப் பையன்தான் இயேசு. ஒண்ணுமே தெரியாம காப்பி குடிச்சிட்டு ரயில்ல போனீங்களே, அது நீங்க!" என்றார் பிரசங்கியார். கூட்டம் அழுதது. நானும் அழுதேன். அன்று ராத்திரி வீட்டுக்கு வந்ததும், வழக்கம்போல அப்பா பக்கத்தில் படுக்காமல் ஆச்சி பக்கத்தில் போய்ப் படுத்துக்கொண்டேன்.

இன்னொன்று நீதிபதி கதை. குற்றவாளிக்கு அபராதம் விதித்துவிட்டு, அங்கியைக் கழற்றி வைத்துவிட்டு, கீழே இறங்கி வந்து தன் சொந்தப் பணத்தில் தானே அதைக் கட்டுகிற நல்ல நீதிபதி. அபராதத்துக்குச் சரி. கொலைக்குற்றத்துக்கு? "இவனை விட்டுவிடுங்கள், பதிலுக்கு என் மகனைத் தூக்கில் போடுங்கள்" என்று ஒரு நீதிபதி சொன்னால் அதை யார் நீதி என்பார்கள்? பணத்தை யார் வேண்டுமானாலும் கட்டலாம். தண்டனை அப்படிக் கைமாறாது.

இந்தக் கதைகளைக் கேட்டு அழுகிறவர்கள் ஒரு பக்கம். இன்னொரு பக்கம், இவற்றை வைத்து இணையத்தில் சிரிக்கிறவர்கள். "மன்னிக்கணும்னா மன்னிச்சிட்டுப் போக வேண்டியதுதானே? நடுவுல எதுக்கு ஒரு கொலை?" கேள்வி நியாயமானது, புதியதும் இல்லை. பன்னிரண்டாம் நூற்றாண்டில் பாரிஸில் பாடம் சொன்ன பீட்டர் அபெலார், ரோமர் நிருபத்துக்கு எழுதிய உரையிலேயே இதைக் கேட்டுவிட்டார். குற்றமற்ற ஒருவனின் ரத்தத்தை விலையாகக் கேட்பது எவ்வளவு கொடூரம் என்பதுதான் அவருடைய திகைப்பு.

என் சண்டை இரண்டு தரப்போடும். ஏனென்றால் இரண்டு பேரிடமும் இருப்பது ஒரே படம்: கோபத்தோடு உட்கார்ந்திருக்கிற ஒரு கடவுள், ரத்தத்தைப் பார்த்ததும் கோபம் தணிகிறார். ஒருவர் அந்தப் படத்தைக் கும்பிடுகிறார், மற்றவர் அதன்மேல் கல்லெறிகிறார். படமே தப்பு என்கிறேன் நான். கிறிஸ்துவின் சாவு அவசியம் என்று நானும் நம்புகிறேன். ஆனால் அந்த அவசியம் கடவுளின் மனதை மாற்றுவதற்காக வந்ததில்லை.

*

இது வெறும் இறையியல் வாய்த்தகராறு என்றால் எழுதியிருக்க மாட்டேன். எனக்கு ஒரு அத்தை உண்டு. ஒருநாள் விடியற்காலையில் முதல் பஸ்ஸில் வந்து இறங்கினாள். இடது மணிக்கட்டு உடைந்திருந்தது. மாமாவின் கைவரிசை. மூன்றாம் நாள் அவர்கள் சபையிலிருந்து ஒரு பெரியவர் வந்தார். டீ குடித்தார். ஜெபம் பண்ணினார். பிறகு சொன்னார்: "ஆண்டவரே நமக்காக எவ்வளவு அடிபட்டாரு. நீ கொஞ்சம் பொறுத்துக்கிட்டா என்னம்மா? அவங்கவங்க சிலுவையை அவங்கவங்கதான சுமக்கணும்." நான்காம் நாள் மாவுக்கட்டோடு அத்தை திரும்பிப் போனாள்.

அந்தப் பெரியவர் கெட்டவர் இல்லை. கேட்டு வளர்ந்த பிரசங்கத்தை அப்படியே நடைமுறைப்படுத்தினார், அவ்வளவுதான். அடிபடுவதைப் பார்த்துக் கடவுள் திருப்தியடைகிறார் என்றால், அடிபடுவதே புண்ணியம் ஆகிவிடுகிறது. 1989இல் ஜோன் கார்ல்சன் பிரவுன், ரெபெக்கா பார்க்கர் என்ற இரண்டு அமெரிக்கப் பெண் இறையியலாளர்கள் இதை நேருக்கு நேர் எழுதினார்கள்: தகப்பன் பிள்ளையை வதைப்பதை மீட்பு என்று போற்றுகிற மதம், வீட்டுக்குள் நடக்கிற வதையையும் போற்றத்தான் செய்யும். அவர்கள் பலி என்ற கருத்தையே தூக்கிப் போடச் சொன்னார்கள். நான் அவ்வளவு தூரம் போகவில்லை. ஆனால் என் அத்தைக்குப் பதில் சொல்ல முடியாத ஒரு சிலுவைப் பிரசங்கம் எனக்கு வேண்டாம்.

*

"வேதத்துல அப்படித்தான இருக்கு" என்பார்கள். முதலில் சபை வரலாற்றைப் பார்ப்போம். 325இல் நைசியா, 381இல் கான்ஸ்டான்டிநோபிள், 451இல் கால்சிதோன். கிறிஸ்து யார் என்பதை இந்தச் சங்கங்கள் வார்த்தை வார்த்தையாக அடித்துக்கொண்டு வரையறுத்தன. அவர் நமக்காகச் சிலுவையில் அறையப்பட்டார் என்று அறிக்கையிட்டன. அந்தச் சாவு எந்த வழியில் நம்மை மீட்கிறது என்று ஒரு கோட்பாட்டை அவை வரையறுக்கவில்லை.

கோட்பாடுகள் பல வந்தன. நான்காம் நூற்றாண்டில் நிசாவின் கிரகோரி தூண்டில் கதை சொன்னார்: மனித உடல் இரை, உள்ளே தெய்வீகம் முள், சாத்தான் விழுங்கி மாட்டிக்கொண்டான். அதே காலத்தில் நசியான்சுவின் கிரகோரி, அந்த ரத்தம் யாருக்குச் செலுத்தப்பட்டது என்று கேட்டார். சாத்தானுக்கு என்றால் வெட்கக்கேடு. பிதாவுக்கு என்றால், ஆபிரகாம் கொடுக்க வந்த ஈசாக்கையே வாங்காதவர் தன் மகனின் ரத்தத்தில் எப்படி மகிழ்வார்? ஆயிரத்து அறுநூறு வருஷத்துக்கு முந்தைய கேள்வி இது. நம் பிரசங்க மேடைகளில் இதை யாரும் கேட்டு நான் பார்த்ததில்லை.

1098இல் கான்டர்பரி பேராயர் ஆன்செல்ம், நாடுகடந்து இத்தாலியில் இருந்தபோது, கடவுள் ஏன் மனிதரானார் என்ற நூலை எழுதி முடித்தார். பிரபுக்களும் மானமும் ஆண்ட காலம். பாவம் கடவுளின் மகிமைக்குச் செய்த குறை, அதற்கு ஈடு செய்ய வேண்டும் என்றார். கவனியுங்கள், ஈடு. ஈடு அல்லது தண்டனை, இரண்டில் ஒன்று என்பது அவர் கணக்கு. கிறிஸ்து ஈடு கொடுத்ததால் தண்டனைக்கு இடமில்லாமல் போனது. கிறிஸ்து நம் தண்டனையையே வாங்கிக்கொண்டார் என்பதை முழுக் கட்டடமாக எழுப்பியவர்கள் பதினாறாம் நூற்றாண்டுச் சீர்திருத்தக்காரர்கள். அவர்களில் முக்கியமானவரான கால்வின் சட்டம் படித்தவர். பாலத்துக் கதையும் நீதிபதி கதையும் அந்தக் கட்டடத்தின் வாசலில் விற்கிற பொம்மைகள். இந்த ஒரு விளக்கத்தைத்தான் சுவிசேஷம் முழுவதும் என்று நமக்குக் கொடுத்திருக்கிறார்கள்.

*

இனி வேதம். ரத்தம் சிந்தாமல் மன்னிப்பு இல்லை என்ற எபிரெயர் வசனத்தைத் தூக்கிக் காட்டுவார்கள். அதே வசனத்தின் முன்பாதியில் 'ஏறக்குறைய' என்ற பொருளில் ஒரு சொல் இருக்கிறது. ஏன் ஏறக்குறைய? லேவியராகமம் ஐந்தாம் அதிகாரத்துக்குப் போங்கள். பாவநிவாரண பலிக்கு ஆடு கொடுக்க வசதியில்லாதவர் இரண்டு புறா கொண்டுவரலாம். அதற்கும் வழியில்லாத ஏழை, ஒரு எப்பா அளவில் பத்தில் ஒரு பங்கு மாவு கொண்டுவந்தால் போதும். அவருக்கும் மன்னிப்பு உண்டு. கோதுமை மாவில் ஏது ரத்தம்? கடவுளுக்கு ரத்தமே தேவை என்றால் ஏழைக்கு மட்டும் எப்படிச் சலுகை? பதினாறாம் அதிகாரத்தில் இன்னொரு விஷயம். ஜனங்களின் பாவத்தையெல்லாம் தலையில் சுமத்துகிற ஆட்டைக் கொல்வதில்லை. உயிரோடு வனாந்தரத்துக்கு அனுப்பிவிடுகிறார்கள். பாவத்தைச் சுமப்பதும் தண்டனையாகச் சாவதும் அங்கே ஒன்றாக இல்லை.

ரோமர் மூன்றாம் அதிகாரத்தில் நம் பழைய மொழிபெயர்ப்பு 'கிருபாதாரபலி' என்று சொல்கிற இடத்தில் கிரேக்க மூலத்தில் இருக்கிற அதே சொல், எபிரெயர் ஒன்பதாம் அதிகாரத்தில் 'கிருபாசனம்' என்று வருகிறது. உடன்படிக்கைப் பெட்டியின் மேல்மூடி, கடவுள் தன் ஜனத்தைச் சந்திக்கிற இடம். பலி என்பதற்குப் பதிலாகச் சந்திக்கிற இடம் என்று அந்த வசனத்தை ஒருமுறை வாசித்துப் பாருங்கள். சிலுவையின் நிறமே மாறிவிடும்.

அப்படியானால் கெத்செமனே? "கூடுமானால் இந்தப் பாத்திரம் நீங்கட்டும்" என்ற பொருளில் அவர் ஜெபித்தார், நீங்கவில்லை. அப்போஸ்தலர் நடபடிகளில் பேதுருவும், கடவுளின் திட்டப்படி ஒப்புக்கொடுக்கப்பட்டார் என்கிறார். மறைக்கவில்லை நான். ஆனால் அதே பேதுரு, கொன்றது யார் என்ற இடத்தில் தடுமாறுவதே இல்லை: நீங்கள் கொன்றீர்கள், கடவுள் எழுப்பினார். கொலை நம் கை, உயிர்ப்பு அவர் கை. சிலுவை ரோமாபுரியின் கருவி. கிறிஸ்துவுக்கு முன் 71இல் ஸ்பார்டகஸின் கலகத்தை அடக்கியபின், பிடிபட்ட ஆறாயிரம் பேரை அப்பியன் சாலை நெடுக இப்படித்தான் தொங்கவிட்டார்கள். அடிமையையும் கலகக்காரனையும் என்ன செய்ய வேண்டும் என்று பேரரசுக்குத் தெரியும். அதைக் கற்றுக்கொடுக்கக் கடவுள் வேண்டியதில்லை.

*

சரி, பிறகு எதற்காக அந்தச் சாவு அவசியம்?

ஆச்சி தன் தம்பிக்கு ஒரு சமயம் கம்மலை விற்றுக் கடன் கொடுத்திருந்தாள். புரோநோட்டு எழுதி வாங்கியிருந்தாள். தாத்தா தொழிலில் நொடித்துப்போனார். ஒருநாள் ஆச்சி அந்த நோட்டைக் கிழித்து அடுப்பில் போட்டாள். "போகட்டும்யா, தம்பிதான" என்றாள். கடன் மறைந்துபோனதா? இல்லை. அது ஆச்சியின் காதுக்கு வந்து சேர்ந்தது. சாகிறவரை மூளிக்காதோடுதான் இருந்தாள். மன்னிப்பு இலவசம் என்பது வாங்குகிறவருக்கு. கொடுக்கிறவர் கட்டித்தான் ஆக வேண்டும். யாருக்குக் கட்டினாள் என்று கேட்டால் பதில் கிடையாது. யாருக்கும் கட்டவில்லை. தாங்கிக்கொண்டாள்.

நம் ஊர்த் தாய்மார்கள் "ரத்தத்தைச் சிந்தி வளர்த்தேன்" என்பார்கள். அந்த ரத்தத்தை யார் வாங்கிக்கொண்டார்கள் என்று எந்தப் பிள்ளையும் கேட்பதில்லை. பாலத்துக் கதையில் அப்பா வேறு, மகன் வேறு. ஒருவர் விசையை இழுக்க, இன்னொருவர் சாகிறார். கிறிஸ்தவ விசுவாசம் சொல்வது அப்படி இல்லை. கடன் கொடுத்தவரும் தாங்கிக்கொண்டவரும் ஒரே கடவுள். பிதாவிடமிருந்து நம்மைக் காப்பாற்ற மகன் வரவில்லை. பிதாவின் மனதுதான் மகனாக வந்தது.

ஏன் சாவு வரைக்கும்? நாம் இருப்பது அங்கே என்பதால். நான்காம் நூற்றாண்டில் அத்தனாசியுஸ் சொன்னதன் சாரம் இதுதான்: மனிதனைப் பிடித்திருக்கிற நோய் அழிவு. அதை வெளியே நின்று உத்தரவு போட்டுத் தீர்க்க முடியாது. உள்ளே இறங்க வேண்டும். பாதி வழியில், வலிக்கிறதே என்று திரும்பிவிட்டால், திரும்பிய இடத்துக்கு அப்பால் கிடக்கிற எல்லோரும் கைவிடப்பட்டவர்கள். தூக்குமேடையில் நிற்கிறவன், ஆஸ்பத்திரி வராந்தாவில் தனியாகச் சாகிறவள், எல்லோரும். அவசியம் அங்கேதான் இருக்கிறது.

*

ஒன்றை மறக்கக் கூடாது. ஆச்சிக்கு நோட்டு கையில் இருந்தது. கோர்ட்டுக்குப் போக முடியும். போகாமல் விட்டது அவள் முடிவு. அத்தையிடம் யாரும் எதையும் கேட்கவில்லை. அவளிடமிருந்து பிடுங்கினார்கள், பிறகு அதற்குச் சிலுவை என்று பெயர் வைத்தார்கள். யோவான் சுவிசேஷத்து இயேசு, தன் உயிரை ஒருவரும் பறிக்கவில்லை, தானாகவே கொடுப்பதாகச் சொல்கிறார். கொடுப்பதும் பறிக்கப்படுவதும் ஒன்று என்று சொல்கிற பிரசங்கி, அடிக்கிறவன் பக்கம் நிற்கிறார்.

எபிரெயர் நிருபம் திரும்பத் திரும்பச் சொல்கிற ஒரு விஷயம் உண்டு: ஒரே தரம். எல்லாருக்குமாக, ஒரே தரம். அதற்கு ஒரே ஒரு அர்த்தம்தான் இருக்க முடியும். கடை மூடியாயிற்று. இனி பலி வேண்டாம். இன்னொரு பெண்ணின் மணிக்கட்டு வேண்டாம். சிலுவையின் பெயரைச் சொல்லி இன்னொரு பலி கேட்கிறவர், அந்தச் சிலுவை போதவில்லை என்றுதான் சொல்கிறார்.

அத்தை ஆறு மாதம் கழித்து இரண்டாவது முறை வந்தாள். பெரியவரும் வந்தார். இந்தமுறை ஆச்சி டீ போடவில்லை. வாசலிலேயே நின்றுகொண்டு, "ஆண்டவர் செத்தது போதும். எம்பிள்ளை சாக வேண்டாம்" என்றாள். நான் கேட்ட சிலுவைப் பிரசங்கங்களில் அதைவிடச் சரியான ஒன்று இன்னும் கிடைக்கவில்லை.

அடுத்த கூட்டத்தில் பாலத்துக் கதையை எடுக்கப்போகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். முன்வரிசையில் பாய் விரித்துச் சின்னப் பிள்ளைகள் உட்கார்ந்திருப்பார்கள். அன்று ராத்திரி அவர்கள் அப்பா பக்கத்தில் படுக்க வேண்டும்.