பூக்காத ஓர்க்கிட்டும் எங்கட அவசரமும்

பூ இருக்கும்வரைதான் ஓர்க்கிட்டுக்கு விறாந்தையில் மரியாதை. பூ உதிர்ந்து, இலையும் கொட்டி, நாலு தண்டு மட்டும் நிற்கத் தொடங்கினால் சாடி மெல்ல மெல்லக் கிணத்தடிக்குப் போகும். பிறகு வேலிக்கரைக்கு. "உது செத்துப்போச்சு, எறிஞ்சுபோட்டு வேற வாங்குவம்" என்று யாராவது தீர்ப்புச் சொல்லுவினம். கொடிகாமத்தில் இந்தத் தீர்ப்பைக் கன தடவை கேட்டிருக்கிறன். இது அவசரத் தீர்ப்பு என்பதுதான் என்ர வாதம்.

நாங்கள் தென்னைக்குள் வளர்ந்த ஆக்கள். தென்னைக்கும் பனைக்கும் ஒரேயொரு குருத்து. அது போனால் மரமே போச்சு. 2000ஆம் ஆண்டுச் சண்டையில் இடம்பெயர்ந்து பிறகு திரும்பி வந்த தென்மராட்சிச் சனம், தலையில்லாமல் நின்ற தென்னைகளைக் கண்டது. அவை பிறகு துளிர்க்கவேயில்லை. அதே கண்ணால்தான் ஓர்க்கிட்டையும் பார்க்கிறோமோ தெரியாது. ஆனால் வீடுகளில் அதிகம் வளர்க்கிற டென்ட்ரோபியம் வேறு சாதி. அதன் தடித்த தண்டு ஒவ்வொன்றும் தண்ணீரும் உணவும் சேமிக்கிற களஞ்சியம். இலை முழுக்கக் கொட்டினாலும் அடியிலும் கணுக்களிலும் மொட்டுகள் உறங்கிக்கொண்டிருக்கும். கணுவில் முளைக்கிற குட்டிச் செடிக்கு உலகம் முழுக்க 'கெய்கி' என்று பெயர். ஹவாய் மொழியில் அதற்குக் குழந்தை என்று பொருள்.

இன்னொரு தப்பெண்ணம், ஓர்க்கிட் குருவிச்சை மாதிரி ஒரு ஒட்டுண்ணி என்பது. குருவிச்சை மரத்தின் சாற்றை உறிஞ்சும். டென்ட்ரோபியம் மரத்தில் தொற்றி நிற்கும், அவ்வளவுதான். தன் சாப்பாட்டைத் தானே பார்த்துக்கொள்ளும். வேருக்குக் காற்று வேணும். இது தெரியாமல் பெரிய சாடியில் மண்ணும் மாட்டெருவும் போட்டு, விடிய ஒருக்கா பின்னேரம் ஒருக்கா தண்ணி ஊத்தினால் வேர் அழுகும். கவனிக்காமல் விட்டுச் சாகிற செடிகளும் உண்டு, அன்பு கூடிச் சாகிற செடிகளும் உண்டு.

துப்புரவாக்கிறம் என்று தொடங்குகிற ஆக்களும் கத்தியை எடுத்தால் மொட்டையடிச்சுப் போட்டுத்தான் வைக்கினம். இலையில்லாத தண்டு அசிங்கமாகத்தான் தெரியும். ஆனால் அது பச்சையாக, இறுக்கமாக இருந்தால் புது முளைக்குச் சோறு போடுவது அதுதான். சுருங்கிக் கடதாசி மாதிரிக் காய்ந்ததை மட்டும் வெட்டினால் போதும். வேரும் அப்படித்தான். வெள்ளி நிறத்தில் இருக்கிற வேர் செத்த வேரில்லை. தண்ணி தெளித்தால் பச்சையாக மாறும். கபில நிறமாகி, விரலால் நசித்தால் கூடாகிப் போயிருக்கிறதை வெட்டுங்கோ. அலகை நெருப்பில் காட்டிவிட்டு வெட்டுங்கோ. ஒரு செடியின் வைரஸ் நோயை அடுத்த செடிக்குக் கொண்டுபோவதில் கத்திக்குப் பெரிய பங்கு.

மிச்சப் பொருளுக்குக் கடைக்கு அலையத் தேவையில்லை. பொச்சும் சிரட்டைக் கரியும் தென்மராட்சியில் இல்லாத வளவு எது? பொச்சைச் சில நாள் ஊறவிட்டு, தண்ணியை மாற்றி மாற்றி, அதில் இருக்கிற உப்பையும் சாயத்தையும் போக்க வேணும். செடி கொள்ளுகிற அளவுக்குச் சின்னச் சாடி போதும். எங்கட கிணத்துத் தண்ணி சுண்ணாம்புக் கல்லுக்குள்ளால் வருவது, சில இடங்களில் சவர் வேற. ஆகவே மாரியில் மழைத்தண்ணி பிடிச்சு வைக்கிறது நல்லது. புது வேர் ஓடும்வரை நிழலும் கொஞ்ச ஈரமும் காணும், பசளைக்கு அவசரமில்லை.

"கம்பஸ் பிள்ளையள் பூக்கண்டைப் பற்றியே எழுதுறது?" என்று கேட்கலாம். எழுதத்தான் வேணும். மரபு, நினைவு, பாதுகாப்பு என்று விரிவுரைகளில் பெரிய சொற்கள் கேட்கிறோம். எந்த வேர் உயிரோட இருக்கு எண்டு விரலால் தொட்டுச் சொல்லுகிற அம்மம்மாவின் அறிவு அந்தச் சொற்களுக்குள் வருகிறதில்லை. அதைப் பொழுதுபோக்கு என்று தள்ளிவிடுகிறோம். 'புதுசு வேணும்' என்ற ஆசை காட்டிலும் கை வைக்கிறது. இலங்கைக்கே உரிய வெசாக் ஓர்க்கிட் இன்று அழியும் ஆபத்தில் இருப்பதற்குக் காடழிப்போடு, பூவுக்காகப் பிடுங்கிக்கொண்டு போனதும் ஒரு காரணம்.

உங்கட வேலிக்கரையிலும் ஒரு சாடி கிடக்கலாம். எறிய முதல் தண்டை ஒருக்கா நசிச்சுப் பாருங்கோ. இறுக்கமாக இருந்தால் ஒரு மாரியும் ஒரு கோடையும் பொறுங்கோ. பூ உடனே வராது, ஒரு வருசத்துக்கு மேலும் எடுக்கலாம். முதலில் வருவது அடியில் ஒரு சின்னப் பச்சை முனைதான். அதைக் கண்டால் சாடியைத் திரும்ப விறாந்தைக்குக் கொண்டு வாங்கோ.