எந்தக் கட்சி என்று கேட்பவர்க்கு

"பொதுவாழ்வில் இறங்கத்தான் விருப்பம், ஆனால் எந்தக் கட்சியிற் சேர்வது?" கற்றுத் தேறிய வைத்தியரிடமும் சட்டத்தரணியிடமும் ஆசிரியரிடமும், தோட்டத்தையும் வயலையும் நம்பி வாழும் கமக்காரரிடமும் இன்று நாம் அடிக்கடி கேட்கும் பேச்சு இது. தமிழினத்தின் உரிமைபற்றி ஒரு கட்சி சொல்வது அவர்களுக்கு உடன்பாடு. காணியற்றவனுக்குக் காணி வேண்டும் என்பதிலே இன்னொரு கட்சி சொல்வது உடன்பாடு. விளைபொருளுக்கு நியாய விலை என்பதிலே வேறொன்று. சாதிக் கொடுமையைப் பற்றியோ, மேடையிற் பேசப்படுவதற்கும் ஊரில் நடப்பதற்கும் உள்ள தூரத்தைக் கண்டு அவர்கள் மனம் சலித்திருக்கின்றது.

இத்தகையோர் பெரும்பாலும் இரண்டிலொன்றைச் செய்கின்றனர். அரசியலே சாக்கடை என்று சொல்லி வீட்டுக்குள் ஒதுங்கி விடுகின்றனர். அன்றேல், தேர்தல் அறிவித்த பின்னர் அவசரம் அவசரமாகச் சிலரைச் சேர்த்துச் சுயேச்சைக் குழுவென்று கட்டுப்பணம் செலுத்துகின்றனர். முன்னது கடமையைத் துறத்தல். பின்னது, விதைக்காதவன் அறுவடை நாளிலே அரிவாளோடு வந்து நிற்பது போன்றது. இரண்டுமல்லாத வழி ஒன்று உண்டு என்பதே நாம் சொல்ல வந்தது.

கருத்து எந்தக் கட்சிக்குள்ளும் அடங்காதிருப்பது குழப்பத்தின் அறிகுறி அன்று. நம் நாட்டின் வரலாறே அப்படி அமைந்திருக்கின்றது. 1970 முதல் 1977 வரை ஆண்ட அரசாங்கத்தை எடுத்துக் கொள்வோம். வெங்காயம், மிளகாய் முதலியவற்றின் இறக்குமதியை அது கட்டுப்படுத்திற்று. யாழ்ப்பாணத்துத் தோட்டக்காரன் தன் உழைப்புக்கு நல்ல விலை கண்டான். அதே அரசாங்கந்தான் சர்வகலாசாலைப் பிரவேசத்திலே தரப்படுத்தலைப் புகுத்திற்று. அதுவேதான் 1972ஆம் ஆண்டின் அரசியலமைப்பிலே பௌத்தத்துக்கு முதன்மை இடமும் சிங்களத்துக்கு அரசகரும மொழி நிலையும் வழங்கி, சிறுபான்மையோர் காப்பென்று கருதப்பட்ட பழைய 29ஆம் பிரிவையும் இல்லாது ஒழித்தது. தந்தை மிளகாய்த் தோட்டத்திலே நிமிர்ந்து நின்றபோது மகன் சர்வகலாசாலை வாசலிலே தடுக்கப்பட்டான். 1977இல் வந்த அரசாங்கம் இறக்குமதிக் கதவைத் திறந்தது. தோட்டக்காரனின் சந்தை சரிந்தது. அந்த ஒரு வீட்டிலே தந்தைக்கும் மகனுக்கும் ஒருங்கே பொருந்தும் கட்சி எது?

இடதுசாரித் தமிழனின் கதியும் இதுவே. 1956இல் இரு மொழிக்கும் சம அந்தஸ்து என்று உறுதியாக நின்ற லங்கா சமசமாஜக் கட்சியை அவன் நம்பினான். 1964இல் அக்கட்சி, தனிச் சிங்களச் சட்டத்தைக் கொண்டு வந்த கட்சியோடு கூட்டரசாங்கத்திற் சேர்ந்தது. அவன் தன் கொள்கையை மாற்றவில்லை. அவன் நின்ற திண்ணைதான் பெயர்ந்து போயிற்று.

எனவே கேள்வி புதிதன்று. நமக்கு முன்னர் இக்கேள்வியை எதிர்கொண்ட மூவரை நினைவு கூர்வோம்.

முதல்வர் செ. சுந்தரலிங்கம். கணிதப் பேராசிரியர், கூரிய அறிவினர். 1947இல் வவுனியாத் தொகுதியிற் சுயேச்சையாக நின்று வென்று, டி. எஸ். சேனநாயக்காவின் மந்திரிசபையில் வர்த்தக மந்திரியானார். 1948 டிசம்பரில் இந்திய, பாகிஸ்தானியர் பிரசாவுரிமை மசோதா வாக்கெடுப்புக்கு வந்தபோது சபையை விட்டு வெளியேறினார், பதவியையும் துறந்தார். 1952இலும் 1956இலும் வவுனியா மக்கள் அவரையே மீண்டும் அனுப்பினர். ஆயினும் 1960 மார்ச்சில் தோற்றபின் அவர் பாராளுமன்றம் திரும்பவில்லை. அவரது பணியைத் தொடர ஓர் அமைப்பும் நிலைத்து நிற்கவில்லை. மேலும், 1968இல் மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயிலுக்குள் தாழ்த்தப்பட்டோர் புகுவதைத் தடுக்க முன்னின்றவரும் அவரே. எக்கட்சிக்கும் கட்டுப்படாமை ஒருவனை நேர்மையாளனாக்கலாம். அது மட்டுமே அவனை நியாயவானாக்கி விடாது. தவறு செய்யும்போது கையைப் பிடித்து நிறுத்தத் தோழர் இல்லாமை சுயேச்சையின் பெருங் குறை.

இரண்டாமவர் வீரசிங்கம். மானிப்பாய் இந்துக் கல்லூரியின் அதிபராக இருந்தவர். வடபகுதியின் கூட்டுறவு இயக்கத்துக்கு உழைத்தவர். 1952இல் வட்டுக்கோட்டையிற் சுயேச்சையாக நின்று வெற்றி பெற்றார். அன்று தோற்றவர்களுள் இளைஞர் அ. அமிர்தலிங்கமும் ஒருவர். கமக்காரனின் கடனையும் சங்கத்தின் கணக்கையும் அறிந்தவர் என்ற நற்பெயரே அவருக்குக் கட்சியாயிற்று. ஆனால் 1956இலே தனிச் சிங்களம் என்ற இடி விழுந்தபோது அத்தொகுதி அமிர்தலிங்கத்தின் பக்கம் திரும்பியது. நற்பணி ஒருவனைச் சபைக்கு அனுப்பும். இனத்தின் தலையாய பிரச்சினை எழும்போது மக்கள் அணியாகத் திரண்டு நிற்கவே விரும்புவர். இன்று யாழ்ப்பாணத்து வீரசிங்கம் மண்டபம் அவர் பெயரைத் தாங்கி நிற்கின்றது.

மூன்றாமவர் சா. ஜே. வே. செல்வநாயகம். 1947இல் தமிழ்க் காங்கிரசின் சார்பில் காங்கேசன்துறையில் வென்றவர். மலையகத் தமிழரின் பிரசாவுரிமை பறிக்கப்பட்ட வேளையிலே தம் தலைவர் அரசாங்கத்திற் சேர்ந்ததை ஏற்க அவர் மனச்சாட்சி இடந்தரவில்லை. பிரிந்தார், ஆனால் தனியனாக நிற்கவில்லை. ஒத்த கருத்துடையோரைக் கூட்டி 1949 டிசம்பர் 18இல் தமிழரசுக் கட்சியை நிறுவினார். 1952 தேர்தலிலே அவரே தம் தொகுதியை இழந்தார். கட்சிக்குக் கிடைத்தவை இரண்டு ஆசனங்கள். அவர் ஊர் ஊராகச் சென்று கொண்டேயிருந்தார். 1956இல் பத்து ஆசனங்கள் கிடைத்தன. ஒரு கருத்து கட்சியாக வளர ஏழாண்டு உழைப்பும் ஒரு தோல்வியும் வேண்டியிருந்தன.

இனி, இன்றைய நிலையைப் பார்ப்போம். சுந்தரலிங்கத்தின் காலத்திலே ஒருவர் தனியாக நின்று தொகுதியை வெல்லலாம். 1978ஆம் ஆண்டின் அரசியலமைப்பு கொணர்ந்த விகிதாசார முறையிலே அது இயலாது. கட்சியாயினும் சுயேச்சைக் குழுவாயினும், மாவட்டத்துக்குரிய ஆசனங்களோடு மூன்றைக் கூட்டிய தொகையினரைப் பட்டியலிட வேண்டும். செல்லுபடியான வாக்குகளில் நூற்றுக்கு ஐந்தேனும் பெறாத பட்டியல் பங்கீட்டிலிருந்தே விலக்கப்படும். கட்சியிலிருந்தோ குழுவிலிருந்தோ விலகினால் ஆசனம் போகும். விலக்கப்பட்டாலும், உயர் நீதிமன்றம் அவ்விலக்கலைச் செல்லாதது என்று தீர்த்தாலொழிய, ஆசனம் போகும். ஆகவே, வாயிலுக்குள் நுழைந்த பின்னர் மனச்சாட்சியைப் பற்றி யோசிக்கலாம் என்பது காலங் கடந்த ஞானம்.

2024 நவம்பரில் நடந்த பொதுத் தேர்தலில் யாழ்ப்பாண மாவட்டத்தின் ஆறு ஆசனங்களுக்கு 44 பட்டியல்கள் போட்டியிட்டன. அவற்றுள் 21 சுயேச்சைக் குழுக்கள். அபேட்சகர் தொகை 396. ஆசனம் பெற்றவை நான்கே. தேசிய மக்கள் சக்தி மூன்றும், தமிழரசுக் கட்சியும் தமிழ்க் காங்கிரசும் 17ஆம் இலக்கச் சுயேச்சைக் குழுவும் ஒவ்வொன்றும் பெற்றன. சுயேச்சைக் குழு வெல்லவே முடியாது என்று சொல்வார்க்கு இது மறுமொழி. ஆனால் மற்ற இருபது சுயேச்சைக் குழுக்களையும் நினையுங்கள். அவற்றுக்கு விழுந்த வாக்குகள் எங்கே? தேர்தல் முடிந்தபின் அக்குழுக்கள்தாம் எங்கே? மாவட்டத்திலே முதலிடம் பெறும் பட்டியலுக்கு மேலதிக ஆசனம் ஒன்று உரியது என்பதையும் மறவாதீர்கள். சிதறிய ஒவ்வொரு வாக்கும், சிதறாதவனுக்குச் செய்த உதவியே.

அப்படியானால் செய்யத்தக்கது யாது?

முதலாவதாக, உங்கள் கருத்துக்களைத் தரம் பிரியுங்கள். உயிர் போனாலும் விட்டுக் கொடுக்க முடியாதது எது? பேசித் தீர்க்கக் கூடியது எது? காத்திருக்கக் கூடியது எது? தமிழ் மக்கள் தம் மண்ணிலே தம் அலுவல்களைத் தாமே நடத்தும் உரிமையை முதலாவதில் வைப்போம் நாம்; அம்மண்ணிலே பிறப்பால் ஒருவனும் தாழ்ந்தவனல்லன் என்பதையும் அதனோடு சேர்த்தே வைப்போம். நீங்கள் வேறொன்றை வைக்கலாம். ஆனால் எல்லாவற்றையும் முதலாவதில் வைப்பவனுக்கு உலகில் எந்தக் கட்சியும் பொருந்தாது. அவனோடு ஒன்பது பேர் கொண்ட குழுவும் நிலைக்காது. முதலாவதில் ஒத்துப்போகும் கட்சி இருந்தால் அதுவே போதும்.

இரண்டாவதாக, சிறிய இடத்திலே தொடங்குங்கள். பிரதேச சபைத் தேர்தலிலே பெரும்பான்மையான உறுப்பினர் வட்டாரத்திலிருந்தே தெரிவாகின்றனர். வட்டார மக்கள் சின்னத்தை மட்டுமன்றி ஆளையும் பார்ப்பர். சந்தையிலே கமக்காரனின் பொதியிற் கழிவென்று வெட்டிக் கொள்வதை நிறுத்துவதற்கு எந்தச் சித்தாந்தம் வேண்டும்? வாய்க்காலைத் துப்புரவாக்கவும், ஒழுங்கைக்கு விளக்கேற்றவும், நூலகத்தைத் திறந்து வைக்கவும் எந்தத் தலைமைச் செயலகத்தின் உத்தரவு வேண்டும்? கமக்காரர் அமைப்பு, கூட்டுறவுச் சங்கம், பாடசாலை அபிவிருத்திச் சங்கம் ஆகியவற்றிலே கணக்கை ஒழுங்காகக் காட்டி ஐந்தாண்டு உழைத்தவரைக் கட்சிகள் தேடி வரும். தேடி வருபவனிடம் நிபந்தனை பேசலாம். தேடிப் போகின்றவன் பேச முடியாது.

மூன்றாவதாக, கட்சியிற் சேர்வதாயின் உங்கள் மாறுபாட்டைச் சேருமுன்னரே எழுத்திலே சொல்லிவிடுங்கள். வென்ற பின்னர் சொல்வது துரோகம். சேருமுன் சொல்வது நேர்மை. தனிக் குழு அமைப்பதாயின், தேர்தலுக்கு மூன்றாண்டு முன்னரே அமையுங்கள். மற்றக் கட்சிகள் மீதுள்ள வெறுப்பு மட்டும் உங்களை இணைக்குமாயின், அந்தக் குழு வாக்குப் பெட்டி எண்ணப்படும் இரவோடு கலைந்துவிடும்.

"ஆளுக்கொரு கருத்தென்று புறப்பட்டால் இனத்தின் ஒற்றுமை என்னாவது?" என்று கட்சித் தலைவர்கள் கேட்பார்கள். நியாயமான கேள்வி. அவர்களுக்கும் நாம் ஒன்று சொல்வோம். மாறுபட்டுப் பேசுகின்றவனை வெளியே தள்ளித் தள்ளியே நாற்பத்து நான்கு பட்டியல்கள் ஆயின. கட்சிக்குள்ளே வாக்குவாதத்துக்கு இடமளித்திருந்தால் அவர்களுட் பலர் இன்றும் உள்ளேயே இருந்திருப்பர். கேள்வி கேட்பவனைத் தாங்க மாட்டாத கட்சி, நாளை மாற்றானோடு பேச்சுவார்த்தை நடத்தும்போது எதைத் தாங்கப் போகின்றது?

எந்தக் கட்சி என்று கேட்டு நிற்கும் அன்பரே! எதற்காக என்று முதலிற் கேளுங்கள். அதற்கு விடை கிடைத்தால், யாரோடு என்பதற்கும் கிடைக்கும். அடுத்த பிரதேச சபைக் கூட்டத்துக்குப் போய்ப் பொதுமக்கள் இருக்கையிலே அமருங்கள். உங்கள் அரசியல் அங்கே தொடங்கட்டும்.