ஊருக்கு வரட்டும் மூளையியல்

(மூன்றாம் ஆண்டு, விலங்கியல்)

எட்டயபுரத்தில் பிறந்தவர்களுக்கு மேடைப் பேச்சு புதிதன்று. டிசம்பர் 11 வந்துவிட்டால் பாரதி பிறந்த இல்லத்திலும், கல்கியின் பெருமுயற்சியால் எழுந்து 1947-இல் திறக்கப்பட்ட மணிமண்டபத்திலும் பேச்சுக்குக் குறைவிராது. கவிதை, நாட்டுப்பற்று, பெண் விடுதலை என்று எத்தனையோ பொருள்களில் அறிஞர்கள் பேசக் கேட்டு மகிழ்ந்திருக்கிறோம். ஆனால், இவ்வளவையும் எண்ணவும் பேசவும் கேட்கவும் வைக்கின்ற உறுப்பு ஒன்று நம் தலைக்குள் இருக்கிறதே, அதைப் பற்றி எவரும் நம் ஊர் மேடையில் பேசி நான் கேட்டதில்லை.

அதன் எடை ஏறத்தாழ 1,400 கிராம். உடலின் எடையில் நூற்றில் இரண்டு பங்குதான். ஆனால் உடல் செலவிடும் ஆற்றலில் ஐந்தில் ஒரு பங்கு அதற்கு வேண்டும். அதனுள்ளே இருப்பவை சுமார் 8,600 கோடி நரம்பணுக்கள்!

இந்த வியப்பை ஆராய்வதற்கு நம் நாட்டில் நிலையங்கள் இல்லாமல் இல்லை. பெங்களூரில் 1974-இல் உருவான ‘நிம்ஹான்ஸ்’ என்னும் மனநல, நரம்பியல் நிலையம் ஒரு மூளைக் காட்சியகத்தையே பொதுமக்களுக்குத் திறந்து வைத்திருக்கிறது. அரியானாவின் மானேசரில் உள்ள தேசிய மூளை ஆராய்ச்சி மையத்தை 2003-இல் நாட்டுக்கு அர்ப்பணித்தவர் நம் இராமேசுவரத்து அப்துல் கலாம். சென்னை ஐ.ஐ.டி.யில் 2022-இல் தொடங்கப்பட்ட சுதா கோபாலகிருஷ்ணன் மூளை மையம், கருவில் வளரும் சிசுக்களின் மூளையை மெல்லிய சீவல்களாக்கி, 5,132 சீவல்களின் படங்களை ‘தரணி’ என்ற பெயரில் 2024-இல் உலகுக்கு இலவசமாகவே வழங்கியது. இத்தகைய நிலையங்கள் ஆய்வுக்கூடத்தோடு நின்றுவிடாமல் சொற்பொழிவுகளும் நடத்துகின்றன. மார்ச் மாதத்தில் உலகெங்கும் மூளை விழிப்புணர்வு வாரம் கொண்டாடப்படுகிறது. இவையெல்லாம் பாராட்டுக்குரியவை என்பதில் ஐயமில்லை.

ஆயினும் அந்தச் சொற்பொழிவுகள் பெரும்பாலும் பெருநகரங்களில் நடக்கின்றன. பெரும்பாலும் ஆங்கிலத்தில் நடக்கின்றன. ‘அனைவரும் வருக’ என்றுதான் அழைப்பு. கதவு திறந்தே இருக்கிறது. படிதான் நமக்கு உயரமாக இருக்கிறது.

இதனால் என்ன குடி முழுகிப் போயிற்று என்று கேட்கலாம். என் வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன்.

சென்ற கார்த்திகை மாதத்தில் ஒரு நாள், காலை ஆறு மணி. என் பெரியப்பாவின் கையிலிருந்து காப்பித் தம்ளர் நழுவி விழுந்தது. வாய் ஒரு பக்கமாகக் கோணியது. பேச்சு குழறியது. “காத்து அடிச்சிருக்கும்” என்றார் ஒருவர். எண்ணெய் தேய்த்தார்கள், திருநீறு பூசினார்கள். “கொஞ்சம் படுத்து எந்திரிச்சா சரியாப் போயிரும்” என்றார்கள். மாலையில்தான் மருத்துவமனைக்குக் கொண்டு போனோம். மருத்துவர் கேட்ட முதல் கேள்வி, “எத்தனை மணிக்கு ஆரம்பிச்சது?” என்பதுதான். சொன்னேன். அவர் கடிகாரத்தைப் பார்த்தார்; வேறொன்றும் சொல்லவில்லை.

அந்த மௌனத்தின் பொருள் பின்னர்தான் எனக்கு விளங்கியது. ஓர் ஆராய்ச்சி நிலையத்தின் பொதுச் சொற்பொழிவைக் கைப்பேசியில் கேட்டேன். ஆங்கிலம், பாதிதான் புரிந்தது. அந்தப் பாதியே என்னை உறங்கவிடவில்லை. மூளைக்குச் செல்லும் இரத்தக் குழாய் அடைபட்டால் நிமிடத்துக்குச் சுமார் 19 இலட்சம் நரம்பணுக்கள் மடிகின்றனவாம். அடைப்பா, இரத்தக் கசிவா என்பதை ஸ்கேன் எடுத்துத்தான் அறிய முடியும். அடைப்பு என்றால், தகுந்த நோயாளிக்கு அதைக் கரைக்கும் ஊசி உண்டு. ஆனால் நோய் தொடங்கிய நான்கரை மணி நேரத்துக்குள் அதைப் போட்டாக வேண்டும். நாங்கள் போனது பத்து மணி நேரம் கழித்து! தறியில் நாடா ஓட்டிய பெரியப்பாவின் வலக்கை இன்று சோறு பிசையவும் உதவுவதில்லை. எங்கள் வீட்டில் அன்பு இருந்தது. கையில் பணம் இருந்தது. அழைத்தால் 108 வண்டி வாசலுக்கே வந்திருக்கும். இல்லாதிருந்தது ஒரே ஒரு செய்தி. அந்தச் செய்தி ஒரு மணி நேரச் சொற்பொழிவில் அடங்கக் கூடியது.

சொற்பொழிவு உயிர் காப்பதோடு நிற்பதன்று. அறிவியலுக்கு ஆளையும் தேடித் தரும். இலண்டனில் புத்தகம் கட்டும் கடையில் தொழில் பழகிய ஏழைச் சிறுவன் மைக்கேல் பாரடே. 1812-இல் யாரோ கொடுத்த அனுமதிச் சீட்டில் ஹம்ப்ரி டேவியின் சொற்பொழிவுகளைக் கேட்டான்; குறிப்பெடுத்தான்; அதைப் புத்தகமாகக் கட்டி டேவிக்கே அனுப்பினான். அடுத்த ஆண்டு டேவியின் உதவியாளனானான். மின்னியலின் தந்தையருள் ஒருவர் உலகுக்குக் கிடைத்த கதை இது. நம் தீப்பெட்டி ஆபீசுகளிலும் உப்பளங்களிலும் எத்தனை பாரடேக்கள் சீட்டுக் கிடைக்காமல் இருக்கிறார்களோ, யார் கண்டார்?

தமிழில் இவற்றையெல்லாம் சொல்ல இயலுமா என்று சிலர் ஐயுறுவர். அறிவியலை எளிய தமிழில் எழுதுவதையே வாழ்நாள் தொண்டாகக் கொண்ட பெ.நா. அப்புசாமி நம் பக்கத்துப் பெருங்குளத்துக்காரர். அவர் காட்டிய வழி இருக்க, ஐயம் எதற்கு?

அறிஞர்கள் சிற்றூருக்கு வருவார்களா என்பது அடுத்த கேள்வி. கர்நாடகத்தில் கோலார் மாவட்டத்துச் சீனிவாசபுரத்தின் கிராமங்களில், பெங்களூர் இந்திய அறிவியல் நிறுவனத்து மூளை ஆராய்ச்சி மையத்தார் முதுமையில் மூளை அடையும் மாற்றங்களைப் பல ஆண்டுகளாக ஆராய்ந்து வருகிறார்கள். ஆய்வுக்காகக் கிராமத்துக்கு வர இயலும் என்றால், பேசுவதற்காகவும் வர இயலும். அழைப்பார் வேண்டும், அவ்வளவுதான்.

ஆகவே நம் கல்லூரி ஆசிரியப் பெருமக்களிடமும் மாணவ நண்பர்களிடமும் ஒரு வேண்டுகோள். ஆண்டுக்கு ஒரு மாலைப் பொழுதை மூளைக்கென ஒதுக்குவோம். தூத்துக்குடி அரசு மருத்துவக் கல்லூரியிலிருந்து ஒரு நரம்பியல் மருத்துவரை அழைப்போம். இயன்ற ஆண்டில் ஆராய்ச்சி நிலையத்திலிருந்தும் ஒருவரை வரவழைப்போம். விலங்கியல் துறையார் படங்களையும் மாதிரிகளையும் காட்டட்டும். தமிழ்த் துறையார் தக்க சொற்களை எடுத்துத் தரட்டும். நெசவாளரையும், தீப்பெட்டித் தொழிலாளரையும், கரிசல் காட்டு உழவரையும் வீடு வீடாகச் சென்று அழைப்பது நம் பொறுப்பு. பாதி நேரம் பேச்சு. பாதி நேரம் அவர்களுடைய கேள்விகள். வலிப்பு வந்தவர் கையில் இரும்பைத் திணிக்காமல் ஒருக்களித்துப் படுக்க வைக்க வேண்டும் என்பதை அன்று பத்துப் பேர் அறிந்தாலும் பயன்தான்.

பாரதி தம் இறுதிச் சொற்பொழிவுகளுள் ஒன்றை 1921-இல் ஆற்றியது ஈரோட்டுக் கருங்கல்பாளையத்தில், ஒரு சிறிய வாசகசாலையில்தான். இடம் சிறிதென்று அவர் தயங்கவில்லை. அவர் ஊர்க்காரர்கள் நாம் மட்டும் ஏன் தயங்க வேண்டும்?

அந்த நாள் வரட்டும். முதல் வரிசையில் என் பெரியப்பாவை அழைத்து வந்து அமர வைப்பேன். அவருக்குக் காலம் கடந்துவிட்டது; ஆனால் அவருக்குப் பின்னால் அமர்ந்திருப்பவர்களுக்குக் கடந்துவிடவில்லை.